தவக்கால உண்டியல்: வகுப்புகளுக்கு இடையே போட்டி வைக்கலாமா, பாடமாக நடத்தலாமா?

சாக்பீஸ்
வணக்கம். ஒரு கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. வருடா வருடம் தவக்காலத்தில் வகுப்புக்கு ஒரு உண்டியல் வைப்போம், ஈஸ்டருக்கு முன் திறந்து எண்ணி ஏதாவது ஒரு தர்ம காரியத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் காசு போட்டது மட்டும்தான் தெரியும், எங்கே போனது, யாருக்கு உதவியது என்பதெல்லாம் தெரியாது. இந்த முறை இதைப் பாடத்தோடு சேர்த்து நடத்தச் சொல்லி ஹெச்.எம். கேட்டிருக்கிறார், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கூடவே இன்னொரு யோசனையும் வந்திருக்கிறது: வராந்தாவில் பெரிய சார்ட் ஒட்டி எந்த வகுப்பு எவ்வளவு சேர்த்தது என்று வாரா வாரம் எழுதுவது, முதலில் வரும் வகுப்புக்கு ஒரு நாள் சுற்றுலா. சில ஆசிரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வகுப்புக்குள்ளேயே பெயர்ப் பட்டியல் போட்டு, காசு கொண்டுவரும் பிள்ளை பெயருக்கு நேராக நட்சத்திரம் ஒட்டப் போகிறார்களாம்.

எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் ஸ்டாஃப் மீட்டிங்கில் ஏன் என்று கேட்டால் சட்டென்று சொல்ல வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடைசி பெஞ்ச்
போட்டி வையுங்கள் டீச்சர், யோசிக்கவே வேண்டாம். எங்கள் பிள்ளைகள் பள்ளியில் சார்ட் ஒட்டிய பிறகு வசூல் எகிறியது. பிள்ளைகளுக்குப் போட்டி என்றால் உயிர். ஓட்டப்பந்தயத்துக்குப் பரிசு கொடுக்கலாம், நல்ல காரியத்துக்குக் கொடுக்கக் கூடாதா? உதவி வாங்குகிறவர்களுக்குக் காசு எந்த மனநிலையில் வந்தது என்று பார்க்கவா போகிறது.

மழைக்குருவி
நட்சத்திரம் ஒட்டுவதைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட ஒரு வகுப்பில் உதவியாளராக இருந்திருக்கிறேன். பிள்ளைகள் வரிசையாக வந்து உண்டியலில் போட வேண்டும், போட்டதும் டீச்சர் ஸ்டிக்கர் ஒட்டுவார். ஒரு பையன் மூடிய கையை உண்டியல் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் விரல்களை மட்டும் விரித்துவிட்டு எடுத்தான். உள்ளே காசு விழுந்த சத்தம் வரவில்லை. பின்னால் நின்ற பெண்பிள்ளை அதைக் கவனித்துவிட்டு உரக்கச் சொல்லிவிட்டாள். இல்லாத காசைப் போட்டதாக நடிக்க ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்கு இந்த நெருக்கடி?

கடைசி பெஞ்ச்
பெயர்ப் பட்டியலை நானும் ஆதரிக்கவில்லை. வகுப்பு மொத்தத்தை மட்டும்தான் சொன்னேன்.

திண்ணைப்பேச்சு
மொத்தத்திலும் அதே சிக்கல் உண்டு சார். நம் வகுப்பு பின்தங்கிவிட்டது என்றதும் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள், யார் கொண்டுவரவில்லை என்று. ஆசிரியர் எழுத வேண்டியதே இல்லை.

சாக்பீஸ் டீச்சர், மீட்டிங்கில் சொல்லக் காரணம் கேட்டீர்கள் அல்லவா, மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களே போதும். பிறர் பார்க்க தர்மம் செய்யாதே, வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்று அங்கே இருக்கிறது. காலையில் அசெம்பிளியில் இதை வாசித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வராந்தாவில் சார்ட் ஒட்டினால், பிள்ளைகள் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே அது உறைக்கும்.

இன்னொன்று. ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதையை எல்லாப் பள்ளியிலும் இந்தச் சமயத்தில் சொல்வார்கள். மாற்கு 12இல் 41ஆம் வசனத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள், விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீளமாக ஜெபம் செய்கிறவர்களை இயேசு கண்டிக்கிற இடம் அது. அதையும் வாசித்த பிறகு, கையில் இருந்த கடைசிக் காசையும் அவள் போட வேண்டிய நிலை எப்படி வந்தது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைக்கு வகுப்பு நன்றாக நடந்தது என்று அர்த்தம்.

கடைசி பெஞ்ச்
வசனத்துக்கு வசனம் என்றால் நானும் வருகிறேன். எருசலேமில் இருந்த ஏழைகளுக்காக, ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் பணம் திரட்டுகிறார். 2 கொரிந்தியர் 8இல் மக்கெதோனியாக்காரர்கள் வறுமையிலும் எவ்வளவு தாராளமாகக் கொடுத்தார்கள் என்று கொரிந்துக்காரர்களிடம் சொல்கிறார். அடுத்த அதிகாரத்தில், நீங்கள் தயாராக இருப்பதைப் பற்றி மக்கெதோனியாவில் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன், அதைக் கேட்டே பலருக்கு ஊக்கம் வந்தது என்கிறார். இவர்களிடம் அவர்களைப் பற்றி, அவர்களிடம் இவர்களைப் பற்றி. இது சார்ட் ஒட்டுவது இல்லாமல் வேறென்ன?

திண்ணைப்பேச்சு
நல்ல பிடி, ஒத்துக்கொள்கிறேன் :) ஆனால் அதே 8ஆம் அதிகாரத்தில் 12ஆம் வசனம், இல்லாததைக் கொண்டு அல்ல, இருப்பதைக் கொண்டே ஒருவர் கொடுப்பது ஏற்கப்படும் என்கிறது. மக்கெதோனியாக்காரர்களைப் புகழ்கிறாரே தவிர அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பவுல் எங்கேயும் தொகை சொல்லவில்லை. சார்ட்டில் தொகையைத் தவிர வேறெதுவும் இல்லை. அப்புறம், பவுல் கடிதம் எழுதியது தாங்களே சம்பாதித்து தாங்களே முடிவெடுக்கிற பெரியவர்களுக்கு. நான்காம் வகுப்புப் பிள்ளை போடும் காசு அப்பா அம்மா பாக்கெட்டிலிருந்து வருவது. போட்டியில் ஜெயிப்பது அவர்களின் பாக்கெட்தான்.

எண்சுவடி
கணக்கு வாத்தியார் வந்திருக்கிறேன். போட்டியை விடுங்கள், பாடம் என்று கேட்டீர்களே, அதற்கு அந்த இரண்டு காசுக் கதையிலேயே ஒரு வாரத்துக்கு வேலை இருக்கிறது.

மாற்கு அந்த இரண்டு காசையும் சேர்த்தால் ஒரு குவாட்ரன்ஸ் என்கிறார், ரோமானியர்களின் மிகச் சிறிய செப்புக்காசு. 4 குவாட்ரன்ஸ் ஒரு ஆஸ், 16 ஆஸ் ஒரு தெனாரியஸ். மத்தேயு 20இல் திராட்சைத் தோட்டத்துக் கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் ஒரு தெனாரியஸ். அப்படியென்றால் அவள் போட்டது ஒரு நாள் கூலியில் எத்தனையில் ஒரு பங்கு? நாலாம் வகுப்பு 4 x 16 பெருக்கிவிடும், 64இல் ஒரு பங்கு. இதை எழுதிப் போட்டால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஒரு நீளமான தாள் துண்டை எடுத்து இதுதான் ஒரு நாள் கூலி என்று சொல்லி, பாதியாக மடிக்கச் சொல்லுங்கள். திரும்பவும் பாதி, திரும்பவும் பாதி. ஆறு முறை மடித்தால் 64. நாலாவது மடிப்பு வரை சிரித்துக்கொண்டே செய்வார்கள், அதற்குப் பிறகு தாள் தடித்துக்கொண்டு வழிக்கு வராது, ஒருவர் பிடிக்க இன்னொருவர் அமுக்குவார்கள். பிரித்து விரித்து ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். நீளமான தாளில் ஒரு ஓரத்தில் துளியூண்டு நிறம். 12 மணி நேர வேலை நாள் என்று வைத்தால் அது 11 நிமிடச் சொச்சத்துக்கான கூலி.

அதற்கப்புறம் இந்தக் கேள்வி: ஒருவரிடம் 1000 காசு, 100 போடுகிறார். இன்னொருவரிடம் 2 காசு, இரண்டையும் போடுகிறார். யார் அதிகம் கொடுத்தார்? வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். போடட்டும். பத்தில் ஒன்று, இரண்டில் இரண்டு, பின்னம் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரியும். இதை உள்வாங்கிய பிள்ளைகளிடம் சார்ட்டைக் காட்டினால், டீச்சர், மொத்தத்தை வைத்து எப்படி முதலிடம் சொல்வீர்கள் என்று அவர்களே கேட்பார்கள்.

உண்டியல் எண்ணுவதையும் ஆபீஸ் ரூமுக்கு அனுப்பாதீர்கள், வகுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் குத்துமதிப்பாக எவ்வளவு இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள், பிறகு பத்துப் பத்தாக அடுக்கி, இரண்டு குழு தனித்தனியாக எண்ணி விடையை ஒப்பிடட்டும். கட்டாயம் வித்தியாசம் வரும். திரும்ப எண்ணுவார்கள்.

பழைய தாள்
பிள்ளைகளின் காசைத் திரட்டுவது நீண்ட கதை. 1843இல் பிரான்சில் ஃபோர்பின் ஜான்சன் என்ற ஆயர் குழந்தைகளுக்காகவே ஒரு சபை தொடங்கினார், மாதம் ஒரு சிறு காசு, தினம் ஒரு ஜெபம், அவ்வளவுதான் விதி. அடுத்த வருடமே லண்டன் மிஷன் சங்கத்துக்காகப் பிரிட்டனின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சேர்த்த காசில் ஜான் வில்லியம்ஸ் என்ற கப்பல் பசிபிக் தீவுகளுக்குப் புறப்பட்டது. குழந்தைகள் சேர்த்த காசில் ஒரு கப்பல்! அந்தக் காலத்துப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் காசில் ஒரு ஆணியாவது வாங்கியிருப்பார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். காசு எங்கே போனது என்று கண்ணால் காணும் பொருள் இருந்தது, இன்றைய உண்டியலில் இல்லாதது அதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் தூர தேசத்துக் குழந்தையைக் காசு சேர்த்து "தத்தெடுப்பது" பிரபலம். குறிப்பிட்ட தொகை சேர்ந்தால் அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கும் உரிமை வகுப்புக்கு. வகுப்புகளுக்குள் போட்டியும் நடந்தது. முகமே பார்த்திராத ஒரு குழந்தைக்கு, அதன் தாய் என்ன பெயர் வைத்திருந்தாள் என்றுகூடக் கேட்காமல், ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டுப் பெயர் வைக்கிறார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனாலும் இன்று படிக்கும்போது முகம் சுளிக்காமல் இருக்க முடியவில்லை.

கேள்விக்குறி
பரிசு விஷயத்துக்கு ஆய்வு இருக்கிறது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் நர்சரிப் பிள்ளைகளிடம் செய்தது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளில் ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, பரிசு இல்லாத நேரத்தில் கவனித்தபோது, முன்னாலேயே பரிசு சொல்லப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு அந்த இறக்கம் இல்லை. 2008இல் வார்னிக்கன், தொமசெல்லோ இருவரும் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்ததும் இதே திசைதான், உதவி செய்ததற்குப் பொருள் கொடுத்துப் பழக்கிய குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்தது.

இவை வரைவதையும் கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுப்பதையும் வைத்துச் செய்தவை, உண்டியலை வைத்து அல்ல. ஆனால் சுற்றுலா காட்டிக் காசு கேட்பதைப் பற்றி யோசிக்க வைக்கும். முன்கூட்டியே பேரம் பேசாமல் எல்லாம் முடிந்த பிறகு எல்லா வகுப்பையும் சுற்றுலா அழைத்துப் போங்கள், யார் வேண்டாம் என்றார்கள்.

கடைசி பெஞ்ச்
ஆக, சுற்றுலா உண்டு, பந்தயம் இல்லை. இது எனக்குச் சம்மதம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், வசூல் குறையும். குறைந்தால் பாதிக்கப்படுவது யார் என்றும் யோசியுங்கள். எனக்கு அது உறுத்தலாகத்தான் இருக்கிறது.

நோட்டு வாங்கியவன்
இவ்வளவு நேரம் கொடுக்கிற பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் வாங்கிய பக்கம். நான் படித்த பள்ளியில் (பெயர் வேண்டாம்) வருடத் தொடக்கத்தில் மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நோட்டும் பையும் கொடுப்பார்கள். பையின் ஒரு காதை நன்கொடை கொடுத்தவர் பிடித்திருப்பார், இன்னொரு காதை நான். போட்டோ எடுப்பவர் தலையாட்டும் வரை இருவரும் விடக் கூடாது. மேடை எனக்குப் பெரிய பிரச்சினையாக இல்லை, கைதட்டல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வருடம் முழுக்க அந்தப் பச்சைப் பையைச் சுமந்ததுதான் பிரச்சினை. பச்சைப் பை என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாக்பீஸ் டீச்சர், உங்கள் வகுப்பில் உண்டியலில் போடச் சொல்லும் பிள்ளைகளில் சிலரே உதவி தேவைப்படும் பிள்ளைகளாக இருக்கலாம். "பாவப்பட்ட பிள்ளைகளுக்கு உதவுவோம்" என்று சொல்லும்போது அந்தப் பாவப்பட்ட பிள்ளை இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பழைய தாள்
@நோட்டு வாங்கியவன், இதற்கும் பழைய வேர் உண்டு. கிறிஸ்தவ அறிவைப் பரப்ப 1698இல் தொடங்கிய எஸ்.பி.சி.கே. சங்கம் இங்கிலாந்தில் தர்மப் பள்ளிகளைப் பரப்பியது. அந்தப் பிள்ளைகளுக்கென்று தனிச் சீருடை. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் வருடத்துக்கு ஒரு முறை ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அந்தச் சீருடையில் ஊர்வலமாக அழைத்துவந்து ஆராதனையில் பாட வைப்பார்கள், கொடுக்கிறவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதும் உண்மை, காட்சிக்கு நிறுத்தினார்கள் என்பதும் உண்மை.

திண்ணைப்பேச்சு
லேவியராகமம் 19இல் அறுவடைக்காரனுக்கு ஒரு விதி உண்டு. வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு. பைபிளில் வரும் ரூத் என்ற ஏழை விதவை அப்படித்தான் கதிர் பொறுக்கினாள். கொடுப்பவன் கையை நீட்டவும் இல்லை, வாங்குகிறவள் கையை ஏந்தவும் இல்லை, அவளே போய் எடுத்துக்கொண்டாள். பச்சைப் பைக்கு மாற்று இதில் இருக்கிறது என்று தோன்றுகிறது.

மழைக்குருவி
வகுப்பில் அதைச் செய்யலாம். ஒரு அலமாரித் தட்டில் பென்சில், ரப்பர், நோட்டு, வண்ணக் குச்சி எல்லாம் வைத்துவிடுங்கள். தேவைப்படுகிறவர் எடுக்கலாம், கேட்க வேண்டாம், கையெழுத்து வேண்டாம். வசதியான பிள்ளையும் பென்சிலை மறந்துவிட்டு வரும் நாளில் அங்கேதான் போகும், அதனால் யார் எடுக்கிறார்கள் என்பதை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. முதல் வாரம் எல்லோரும் அள்ளிக்கொண்டு போவார்கள், பொறுமை வேண்டும்.

வேப்பங்கொழுந்து
பொருளாகச் சேகரிப்பதாக இருந்தால் வாங்குகிறவர்களிடம் முதலில் கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்ட முடியாத பழைய துணி மலை மலையாக வந்து சாலையோரம் கிடந்து வீணானது. அனுப்பியவர்களுக்கு அலமாரி காலியானது, அவ்வளவுதான்.

பக்கத்து வீடு
நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, மகள் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. உண்டியலில் போடுவதில் எங்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை, கொடுப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். காசு மருத்துவத்துக்கா, படிப்புக்கா, ஆலய வேலைக்கா என்று முன்னாலேயே ஒரு வரி எழுதி அனுப்புங்கள், அதுதான் வேண்டும். எதற்கென்று தெரிந்தால் கூடக் கொடுப்போம். அப்புறம், கொடுக்காத வீட்டுக்கு நினைவூட்டல் சீட்டு அனுப்பாதீர்கள். சீட்டு வந்தால் அது கட்டணம்.

எண்சுவடி
இதற்கும் பவுலிடமே பதில் இருக்கிறது, திண்ணைப்பேச்சு சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். எருசலேமுக்கான பணத்தைத் திரட்டத் தன் உடன் ஊழியர் தீத்துவோடு சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் சேர்த்து அனுப்புகிறார், யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று காரணமும் எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 8:19-21). அந்தக் காலத்திலேயே ஆடிட். பிள்ளைகள் எண்ணிய தொகை, அனுப்பிய தொகை, வந்த ரசீது மூன்றையும் வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். சார்ட் வேண்டும் என்கிறவர்களுக்கு இதுதான் சார்ட்.

சாக்பீஸ்
எல்லோருக்கும் நன்றி. மீட்டிங் முடிந்தது. பெயர்ப் பட்டியல் கிடையாது என்று முடிவாகிவிட்டது, மழைக்குருவி சொன்ன அந்தப் பையன் விஷயத்தைச் சொன்னதும் மேற்கொண்டு யாரும் பேசவில்லை. வராந்தா சார்ட்டில் பள்ளி மொத்தம் மட்டும் வரும். சுற்றுலா எல்லா வகுப்புக்கும். இரண்டு ஆசிரியர்கள் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை, வசூல் குறைந்தால் அடுத்த வருடம் மறுபடியும் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வகுப்பில் ஒன்று முயற்சி செய்தேன். காசு எங்கே போக வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்டேன், மூன்று இடங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு. குழந்தைகள் மருத்துவமனை என்று எல்லோரும் கை தூக்குவார்கள் என்று நினைத்தேன். ஒரு பெண் எழுந்து, மருத்துவமனைக்கு எல்லோரும் கொடுப்பார்கள் மிஸ், முதியோர் இல்லத்துக்கு யார் கொடுப்பார்கள் என்றாள். பிறகு நடந்த விவாதத்தில் தமிழ்ப் பாட வேளையும் போய்விட்டது. கடைசியில் முதியோர் இல்லம்தான். என்ன தேவை என்று கேட்டு அங்கே கடிதம் எழுதுகிறார்கள், கடிதம் எழுதுவது பாடத்திட்டத்தில் இருப்பதுதான், அதனால் தமிழ் வேளை வீணாகவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

எண்சுவடி சார், அந்தத் தாள் மடிப்பு செய்யப் போகிறேன். சாதாரண தாள் ஆறு மடிப்பு தாங்குமா?

கடைசி பெஞ்ச்
முதியோர் இல்லம் என்று சொன்ன பிள்ளைக்கு என் வாழ்த்து. வசூல் குறையும் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை, ரசீது ஒட்டியதும் தொகையைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

எண்சுவடி
சாதாரண தாளையே நீளமாக ஒட்டிக்கொள்ளுங்கள், 64 செ.மீ. நீளம் இருந்தால் ஒரு கட்டம் சரியாக 1 செ.மீ. வரும். ஐந்தாவது மடிப்போடு நிறுத்திவிட்டு, விரித்த பிறகு ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போடச் சொல்லுங்கள். ஆறாவதைக் கையால் மடிக்க விட்டால் தாள் கிழியும். 128 செ.மீ. தாள் என்றால் முயன்று பார்க்கலாம், ஆனால் பெஞ்சில் இடம் போதாது, தரையில் உட்கார வையுங்கள்.